முழங்காலில் இருந்தவளை யாரும் தொடவில்லை

என் மனைவி ஜெபித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் செத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து நின்று சொல்ல இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். சகோதர சகோதரிகளே, பொறுமையாக வாசியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மலேசியாவில் தோட்டப்புற ஊழியத்துக்கு ஆள் தேவை என்று அழைப்பு வந்தபோது எனக்கு நூறு கவலைகள் இருந்தன. விசா, வெயில், பாஷை, வயது. என் மனைவி ஞானப்பூவுக்கு ஒன்றும் இல்லை. "போவோம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். கோல சிலாங்கூருக்கு அருகே புக்கிட் பெலிம்பிங்கில் வாடகை வீடு எடுத்தோம். பழைய கார் ஒன்று கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால் உள்ள தோட்டங்களில் வாரம் நான்கு நாள் வீட்டு ஜெபம் நடத்துவோம். மாதம் ஒருமுறை சுங்கை பெசார்வரை போவோம்.

ஊழியத்தில் எங்கள் பங்கு வேறு வேறு. நான் பிரசங்கம் செய்வேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவேன், யார் வரவில்லை என்று கவலைப்படுவேன். ஞானப்பூ அடுப்படியில் உட்கார்ந்து பெண்களின் கதையைக் கேட்பாள். நான் அகராதி வைத்துப் படித்த மலாய் இன்னும் என் வாயில் திக்குகிறது. அவள் மீன் சந்தையில் படித்த மலாயில் சண்டையே போடுவாள்.

கடந்த நவம்பர் மழையில் நடந்தது இது. நாங்கள் ஜெபம் நடத்தும் தோட்டம் ஒன்று கைமாறிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடிக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். நாங்கள் வந்த புதிதில் அங்கே முப்பத்தாறு பேர் ஆராதனைக்கு வருவார்கள். நவம்பரில் பதினொருவர் மிஞ்சியிருந்தார்கள். மற்றவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். இவர்களும் போய்விட்டால் சபை என்ன ஆகும்? எனக்குத் தூக்கம் போயிற்று. லயம் இடிபடாதபடி மூன்று நாள் உபவாச ஜெபம் என்று அறிவித்தேன். காலையில் தண்ணீர் மட்டும். மாலையில் ஜெபம் முடிந்தபின் கஞ்சி.

ஞானப்பூவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு. இங்குள்ளவர்கள் அதை இனிப்பு நீர் என்பார்கள். "நீ உபவாசம் இருக்க வேண்டாம், கூட இருந்து பாடினால் போதும்" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் என்னிடம் சொல்லாமலே உபவாசம் இருந்தாள். மாத்திரையையும் விடவில்லை. ஒரு வேளைகூட மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்று கிளினிக்கில் டாக்டர் கண்டித்திருந்தார். சபை முழுவதும் உபவாசம் இருக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் நான் சொல்லியிருந்தேன். அவள் இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பிற்பகல். நாங்கள் கூடுவது முன்பு ஆயாக்கொட்டகையாக இருந்த பலகைக் கட்டடம். தாய்மார் வேலைக்குப் போனபோது பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் முழங்காலில் இருந்தோம். ஞானப்பூ கடைசி வரிசையில், சுவரோரமாக, பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் கைகளை மடித்து, அதில் முகம் புதைத்து, சேலையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள்.

எங்கள் உபவாச ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் சபையிலும் இருக்கும். முழங்காலில் இருப்பவரை யாரும் தொட மாட்டோம். கூப்பிட மாட்டோம். பக்கத்தில் இருப்பவர் அழுதாலும், நடுங்கினாலும், அசையாமல் கிடந்தாலும், அது அவருக்கும் கர்த்தருக்கும் நடுவே உள்ள காரியம். அதில் கை வைப்பது பாவம்போல நினைப்போம்.

நான் ஒரு கண்ணைத் திறந்து எண்ணினேன். பதினொருவரும் ஞானப்பூவும் இருந்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்து ஜெபித்தேன்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மல்லிகா வந்தாள். லயத்தில் எங்கள் ஜெபத்துக்கு வராத வீடுகளில் அவள் வீடும் ஒன்று. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்நிற்பவள். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும் வேலை. அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"யாரோட காடி லா அது நடுப்பாதையில? தண்ணி லோரி உள்ள வர முடியாம நிக்குது! நீங்க பாட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டா நாங்க என்னத்த குடிக்கிறது?"

அது என் கார்தான். ஜெபத்தை முடித்துவிட்டு எழலாம் என்று நான் வேகமாகச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் நேராக ஞானப்பூவிடம் போனாள். எங்களில் அவளோடு பேசுகிறவள் ஞானப்பூ ஒருத்திதான்.

"அம்மா, நீங்களாச்சும் உங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுங்க" என்று தோளைத் தொட்டு உலுக்கினாள்.

ஞானப்பூ பக்கவாட்டில் சரிந்தாள். நாற்காலி கவிழ்ந்தது. அவள் தலை பலகைத் தரையில் மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

உடனே எங்கள் சபை மூப்பர் தேவதாஸ் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "ஆவியானவர் இறங்கிட்டாரு! விடுங்க, தொடாதீங்க! அம்மாவ அபிஷேகம் பண்றாரு!" மற்றவர்கள் துதிக்கத் தொடங்கினார்கள். சிலர் அழுதார்கள். ஒரு மூச்சு நேரம் நானும் அதை நம்பினேன். மூன்று நாள் உபவாசத்துக்குப் பதில் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"என்னா அபிஷேகம் லா!" மல்லிகா தரையில் உட்கார்ந்து ஞானப்பூவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "கை ஐஸ் கட்டியா இருக்கு. துணியெல்லாம் வேர்த்து நனைஞ்சிருக்கு. பாஸ்டர்! பாட்ட நிறுத்துங்க! உங்க பொஞ்சாதிய வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.

"பாஸ்டரம்மா காலையில மாத்திர போட்டாங்களே" என்று ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னாள்.

அப்போது எனக்குப் புரிந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, உடம்பில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. உபவாசக் கட்டடத்தில் ஒரு சிட்டிகைச் சீனி இல்லை. மல்லிகா தன் வீட்டுக்கு ஓடி, கெட்டியான இனிப்பு டின் பால் கொண்டுவந்தாள். விரலில் தொட்டுத் தொட்டு ஞானப்பூவின் கன்னத்துக்குள் தடவினாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து ஞானப்பூ முனகினாள். கண்ணைத் திறந்தாள்.

அந்தக் கொட்டகையில் எழுந்த அல்லேலூயாவை என்னால் எழுத முடியாது. நானும் கத்தினேன். தேவதாஸ் நன்றி ஜெபம் தொடங்கினார்.

"நன்றியெல்லாம் காடியில போய்க்கிட்டே சொல்லுங்க" என்றாள் மல்லிகா. "மொதல்ல ஆஸ்பத்திரி. நானும் வர்றேன். பின்னால புடிச்சிக்க ஆள் வேணும் லா."

தோட்டத்துக்குள் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பிரதான சாலைவரை போயாக வேண்டும். எப்படியும் போகிறோம், நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று கிளம்பினேன். தண்ணீர் லாரி காத்திருந்து பார்த்துவிட்டு அதற்குள் போய்விட்டிருந்தது. மழை கொட்டியது. பாதி வழியில், இருபக்கமும் செம்பனை தவிர வேறொன்றும் இல்லாத மண்பாதையில், காரின் முன்சக்கரம் சேற்றில் இறங்கியது. அழுத்த அழுத்த ஆழமாகப் போயிற்று. லயத்துக்குத் திரும்பி நடக்கவும் தூரம். சாலைக்கு நடக்கவும் தூரம்.

"பாஸ்டர்" என்றாள் மல்லிகா பின்னாலிருந்து. அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. "அம்மா மறுபடி தூங்குறாங்க. எழுப்ப முடியல."

இந்த மாத்திரை அப்படித்தான் என்று பின்னால் டாக்டர் சொன்னார். கொடுத்த இனிப்பைத் தின்றுவிட்டு மறுபடியும் கீழே இழுக்குமாம். அப்போது எனக்கு அது தெரியாது. கர்த்தர் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று மட்டும்தான் தோன்றியது. டின் பாலைத் தடவினோம். பல் கிட்டிக்கொண்டது. பால் உதட்டோரமாக வழிந்தது. கையும் காலும் இழுக்க ஆரம்பித்தன.

சகோதரர்களே, நான் நீண்ட ஜெபம் செய்கிறவன். யாரும் குறை சொல்ல முடியாதபடி வரிசையாக, ஒன்றையும் விடாமல் ஜெபிப்பேன். அந்தக் காருக்குள் எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. "ஆண்டவரே" என்றேன். அடுத்த சொல் இல்லை. மறுபடியும் "ஆண்டவரே" என்றேன். உம்முடைய வேலைக்குத்தானே இவளை இவ்வளவு தூரம் கூட்டி வந்தேன் என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விகூட முழுதாக வரவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று குழந்தையைப்போல அழுதேன். என் விசுவாசம் அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இருந்ததாகச் சொன்னால் பொய்யாகும்.

மல்லிகா கதவைத் திறந்து சேற்றில் இறங்கினாள்.

"எங்கே போற?"

"நீங்க உங்க சாமிய கூப்பிடுங்க பாஸ்டர். நான் லோரிய கூப்பிடுறேன்."

"இந்த மழையில எந்த லாரி வரும்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

அவள் சொன்னபடி செய்தேன். வேறு என்ன செய்வது? ஞானப்பூவின் தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மனம் தடுமாறும்போது எதையாவது எண்ணுவது என் இயல்பு. செம்பனை வரிசைகளை எண்ணப் பார்த்தேன். மழையில் மரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஒன்று, இரண்டுக்கு மேல் போகவில்லை. இவள் இல்லாமல் அந்த வீட்டுக்குத் திரும்பி, சாவியைப் போட்டுக் கதவைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அதற்குமேல் அழக்கூட முடியவில்லை.

மழைக்குள் விளக்கு தெரிந்தது. பழம் ஏற்றிய லாரி. அதன் படியில் தொங்கிக்கொண்டு மல்லிகா.

அந்த லாரி அந்தப் பாதைக்கு வர வேண்டியதே இல்லை. கனமழையில் குலை வெட்ட மாட்டார்கள். முந்தின நாள் வெட்டியதை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போன லாரி அது. வழக்கமான வழியில் மதகு உடைந்துவிட்டதால் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர் ரஃபிக் என்ற வங்காளதேச இளைஞர். எங்களைப்போலவே கடல் தாண்டி வந்தவர். அந்தப் பாதையில் அவர் அதுவரை வண்டி ஓட்டியதே இல்லை. நான் திக்கித் திக்கி மலாயில் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஞானப்பூவைக் கைகளில் தூக்கிக்கொண்டு போய் முன்னிருக்கையில் மல்லிகாவின் மடியில் கிடத்தினார். முன்னால் வேறு இடமில்லை. நான் பின்னால் ஏறினேன். ஏறினேன் என்பதைவிட, ரஃபிக் என்னைத் தூக்கிப் போட்டார் என்பதுதான் சரி.

செம்பனைக் குலையைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது முழுக்க முள். அந்தக் குலைகளின்மேல் குப்புறப் படுத்து, இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழியிலும் முள் குத்தியது. மழை முகத்தில் அறைந்தது. "ஆண்டவரே" என்ற ஒரு சொல்தான் வழி முழுவதும்.

பின்னொரு நாள் மல்லிகா சொல்லிச் சிரித்தாள். "மேல நீங்க ஏசுவ கூப்பிட்டீங்க. ஸ்டியரிங்க புடிச்சிக்கிட்டு அந்தத் தம்பி அல்லாவ கூப்பிட்டாரு. நான் மாரியாத்தாள கூப்பிட்டேன். எல்லாம் கூட்டணி லா பாஸ்டர்."

அதற்கு ஒரு ஊழியக்காரன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. நான் கூப்பிட்டவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் யார் யாரை அனுப்பினார் என்பதையும் கண்ணால் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. ஆனால் விழிப்பு வரவில்லை. "சர்க்கரை நீண்ட நேரம் குறைந்திருக்கிறது. மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்று இப்போது சொல்ல முடியாது. பார்ப்போம்" என்றார் டாக்டர். பார்ப்போம் என்ற சொல் எவ்வளவு கொடியது என்று வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மல்லிகா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள்.

"பசியாறுங்க."

"வேண்டாம்மா. நான் உபவாசத்தை முடிக்கவில்லை."

உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். சாப்பிட்டால் பிடி விட்டுப்போகும், நான் விட்ட அந்த நொடியில் அவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். என் பட்டினிதான் அவளை இந்த உலகத்தில் கட்டி வைத்திருக்கிறது என்பதுபோல.

மல்லிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஒருத்தர் பட்டினி கிடந்து வந்து படுத்திருக்கிறது போதாதா? சாப்பிட்டா உங்க சாமி கோவிச்சிக்குவாரா? அப்படிக் கோவிச்சிக்கிற சாமியா அவரு? அம்மா என்கிட்ட அப்படிச் சொல்லலியே!"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் கவளத்தைக் கையில் எடுத்தேன். "ஆண்டவரே, நான் கையை எடுத்துவிட்டேன். நீர் பிடித்துக்கொள்ளும்" என்று மட்டும் மனதில் சொன்னேன். கார் சேற்றில் நின்றுபோனபின் எனக்கு வந்த முதல் முழு ஜெபம் அதுதான். அழுதுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

அன்று மாலை ஞானப்பூ கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பெயரைச் சொன்னேன், திரும்பவில்லை. அடுத்த நாளும் அப்படியே. தாதி கை விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டால் பேசாமல் இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தேன். அவளுக்குப் பிடித்த பாட்டுகளை என் கரகரத்த குரலில் பாடிப் பார்த்தேன். அவளுக்கு உயிரைக் கேட்டேன், உயிர் கிடைத்துவிட்டது, அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை உண்டா என்றுகூட யோசித்தேன். இருந்தும் கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன். இவளாகவே இவளைத் திருப்பித் தாரும் என்று கேட்டேன்.

அதற்கடுத்த நாள் காலை, படுக்கை விரிப்பை மாற்ற வந்த தாதிக்கு வழிவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன், வேற சட்டையே இல்லியா? ஆஸ்பத்திரிக்கு இந்தக் கோலத்துலயா வருவிய?"

திரும்பிப் பார்த்தேன். சேறும் செம்பனை எண்ணெய்க் கறையும் படிந்த என் சட்டையை ஞானப்பூ முகம் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் ஊர்ப் பேச்சு. அந்தச் சுளிப்பு அவளுடையது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். தாதி எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

மாத்திரையைப் பற்றிப் பிறகு கேட்டேன். "மாத்திரை சாப்பாட்டுல சேர்த்தியில்லையே. அதனால உபவாசம் முறியாதுன்னு போட்டேன்" என்றாள். அதில் அவளுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

நாங்கள் உபவாசமிருந்து கேட்ட காரியம் நடக்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். லயத்தை இடித்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகையும் போயிற்று. பதினொருவரும் வெவ்வேறு இடங்களில் குடியேறினார்கள். இப்போது ஒவ்வொருவர் வீட்டிலும் முறை வைத்துக் கூடுகிறோம். ஞானப்பூவுக்குச் சில பெயர்கள் இன்னும் உடனே வருவதில்லை. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது என்று சபையில் முடிவு செய்தோம். அதைக் கூட்டத்தில் எழுந்து முன்மொழிந்தவர் தேவதாஸ்தான்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது இப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கலாம். ஜெபிக்கச் சொல் இல்லையே, விசுவாசம் இல்லையே என்று உங்களையே நொந்துகொண்டிருக்கலாம். அப்படி நொந்துகொள்ளாதீர்கள். எனக்கும் இருக்கவில்லை. ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவர் கேட்டார். உங்கள் குரலையும் கேட்பார். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கூப்பிடும்போது அவர் அங்கே இருக்கிறார் என்று சொல்கிறேன். அது எனக்குத் தெரியும். நீங்களும் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, யாராவது சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிடுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு வீட்டில் ஜெபம் நடந்தது. எல்லோரும் முழங்காலில் இருந்தோம். பாதி ஜெபத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் அப்படி வருகிறது. நிறுத்திவிட்டு, பக்கத்தில் முக்காட்டோடு குனிந்திருந்த ஞானப்பூவின் தோளைத் தொட்டேன்.

"முழிச்சுதான் இருக்கேன்" என்றாள் எரிச்சலோடு. "நீங்க ஜெபத்த முடிங்க."